ரொண்டாவுக்குப் போகிற மகனுக்கு, எரிச்சலோடு

மகனே,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பையை அடுக்குவதும் குலைப்பதுமாக இருக்கிறாய்; கயிற்றுச் சுருள் தரையில் விழுகிற சத்தம் இங்கே கேட்கிறது. நான் சுகமில்லை. காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை. எரிச்சல். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பக்கத்து அறையில் இருக்கிறவனுக்கு என்ன கடிதம் என்று கேட்பாய். வாயால் சொல்லத் தொடங்கினால் நீ "அம்மா, விடுங்கோ" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் இதைப் பேர்னில் பொடியன்கள் நடத்துகிற சஞ்சிகைக்குக் கொடுக்கப்போகிறேன். வீட்டு விஷயமும் எழுதலாம், பிழை இருந்தால் நாங்கள் திருத்திப் போடுவோம் என்று சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது பெரிய ஆறுதல். சஞ்சிகை உனக்குத் தபாலில் வரும். அங்கே தமிழில் படிக்க வேறொன்றும் கிடைக்காது, அதனால் இதைப் படித்தே ஆகவேண்டும்.

மற்றத் தாய்மாரும் படிப்பார்கள், அவர்களுக்கும் விளங்கட்டும். நாங்கள் இன்டர்லாக்கனில் இருக்கிறோம். நான் ஒரு பெரிய ஹொட்டேலில், நிலத்துக்குக் கீழே உள்ள லாண்டரியில் வேலை. என்னோடு நிற்கிறவள் கொன்சுவேலோ, ஸ்பெயின்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், கலியாணம் கட்டாதவள். அவளுடைய ஊர்தான் ரொண்டா. ஸ்பெயினின் தெற்குப் பக்கத்தில் பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிற பழைய பட்டணம். பட்டணத்தைக் கத்தியால் வெட்டிப் பிளந்தது போல நடுவிலே ஒரு பள்ளம், அடியில் ஆறு, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தபடி ஓர் உயரமான கல்பாலம். சுற்றிவர மலைகள். அவளுடைய தம்பி பாக்கோ வெளிநாட்டுச் சனங்களைக் கூட்டிக்கொண்டு அந்த மலைகளில் நடக்கிறவன், கயிறு கட்டிப் பாறை ஏறப் பழக்குகிறவன், குகைக்குள் இறக்குகிறவன். என் மகன் வருகிற ஞாயிறு புறப்பட்டு அந்தப் பாக்கோவோடு வேலை செய்யப் போகிறான். கோடை முடியத் திரும்பி வருவேன் என்கிறான். வருவானோ என்பது எனக்குத் தெரியாது. அதற்குத்தான் இவ்வளவும்.

கொன்சுவேலோவை எனக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. பெரிய கட்டில் விரிப்பை ஒருத்தி தனியே மடிக்க முடியாது. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. இழுத்து உதறி, கிட்ட வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி கிட்ட வந்து. நாள் முழுக்க ஒருத்தியின் முகத்துக்கு நேரே போவதும் வருவதுமாக நின்றால் அவளுடைய பல்வலி கூட உனக்குத் தெரிந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஜெர்மன், பாதி வாயால், பாதி கையால். அவள் சொன்னதை நான் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், வேறு வழி தெரியவில்லை. இஸ்திரி மெஷினுக்கு மேலே சுவரில் அந்தப் பாலத்தின் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். ஆவி அடித்து அடித்து அதன் ஓரம் சுருண்டு கிடந்தது. "என்ர ஊர்" என்று காட்டுவாள். நான் காட்ட என்னிடம் படம் இருக்கவில்லை. ஓகஸ்ட் வந்தால் பெட்டி கட்டுவாள். "ஊருக்குப் போறன், ஊருக்குப் போறன்" என்று பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு திரிவாள். ஊர் இருக்கிறவள் ஊருக்குப் போகிறாள், அதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. பிழை இருந்தால் வாய்விட்டு ஏசியாவது இருக்கலாம்.

உன்னை மலை பிடித்தது அதற்கு முன்னமே. மலை உச்சி ரெஸ்டோரண்டில் உனக்குக் குசினி வேலை கிடைத்தது. பல்லுச் சக்கரம் வைத்த றெயினில் காலையில் ஏறிப் போய்ப் பின்னேரம் இறங்கி வருவாய். லீவு நாளிலாவது வீட்டில் கிடப்பான் என்று பார்த்தால் அன்றைக்குக் காலால் ஏறப் போவாய். ஒருநாள் எங்களையும் இழுத்துக்கொண்டு போனாயே, ஊருக்குப் பின்னால் உள்ள அந்தக் காட்டு மலைக்கு. எனக்குச் சேலையும் உன்னுடைய பழைய சப்பாத்தும். அப்பாவுக்கு வேலைக்குப் போகிற காற்சட்டையும் கக்கத்தில் குடையும். எதிரே வருகிற வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டு போக, அப்பா குடையைக் கீழே வைத்து ஒவ்வொருவரையும் கை கூப்பிக் கும்பிட்டார்.

"இஞ்சேரும், உவையள் ஏன் என்னைத் தெரிஞ்ச மாதிரிச் சிரிக்கினம்?"

"மலையில அப்பிடித்தான் அப்பா. காணுற ஆக்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லுவினம்."

"கீழ ரோட்டில ஒருத்தரும் திரும்பியும் பாக்கினமில்லை. மேல வந்தாத்தான் நாங்கள் மனுசரோ?"

நீ சிரித்தாய் என்று சொல்ல ஆசை. சிரிக்கவில்லை, வாயை மட்டும் அசைத்தாய். கொழும்பில் பொலிஸ் உன்னைப் பிடித்து அடைத்து வைத்து, அடித்து விட்ட நாளிலிருந்து உன் சிரிப்பு அப்படித்தான். பாதி வழியில் அப்பா பாதையோரத்து மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். "மலையைக் கீழ இருந்து பாக்கிறதுதான் வடிவு. மேல போய் நிண்டா மலை எங்க தெரியும்?" என்றார். நீ மட்டும் மேலே போனாய். நாங்கள் கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு உனக்காகக் காத்திருந்தோம். உன் அப்பா என்னோடு கதைத்த நல்ல நாட்களில் அது ஒன்று. ஊர் நிலவரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த மரங்களுக்குப் பெயர் என்ன, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, அவ்வளவுதான்.

அடி வாங்கினவன் என்பதால் உன்னை அகதியாக ஏற்று, வெளிநாடு போய்வரப் பயணப் புத்தகம் தந்தார்கள். எங்கள் அகதிக் கேஸ் இன்னும் பேர்னில் கிடக்கிறது. நான் இந்த நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாது. அந்தப் புத்தகம் வந்த வருஷம் கொன்சுவேலோ விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டாள், "உன்ர மகனுக்கு மலை விருப்பமெல்லோ, என்னோட அனுப்பு, என்ர தம்பி நல்லாக் காட்டுவான்" என்று. நானே அனுப்பினேன். காரில் சாப்பிட இடியப்பம் கட்டித் தந்ததும் நான்தான். அவள் அதைத் தனக்கென்று நினைத்து வழி முழுக்கச் சாப்பிட்டாளாம்.

நீ திரும்பி வந்த நாள் மறக்கவில்லை. கறுத்து, உதடு வெடித்து, முழங்கையெல்லாம் உரசல். கதவுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, கதை தொடங்கிவிட்டது. பாலத்துக்குக் கீழே பள்ளத்தின் சுவரில் சிவப்புச் சொண்டு வைத்த காகங்கள் கூடு கட்டியிருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் பறவைகளின் முதுகுதான் தெரியும் என்றாய். முஸ்லிம் சோனகர் அந்த ஊரை ஆண்ட காலத்தில் பாறையைக் குடைந்து ஆறு வரைக்கும் படி வெட்டியிருக்கிறார்கள், அடிமைகள் தோற்பையில் தண்ணீர் சுமந்து ஏறியிருக்கிறார்கள், அந்தப் படி இன்னும் ஈரம் என்றாய். பூனைக் குகை என்று ஒன்று. அதன் வாயிலிருந்து ஆறே வெளியே வருகிறது, தண்ணீர் ஐஸ் போல, பாக்கோ கார்பைட் விளக்குக் கொளுத்தி இடுப்பில் கயிறு கட்டி உன்னை உள்ளே கூட்டிப் போனான். வெள்ளைக் கிராமங்களுக்கு மேலே கல்மலை ஒன்றில் கிறிஸ்மஸ் மரம் போலக் காடு; அந்த மரம் அந்தப் பக்கத்து மலைகளில் மட்டும்தான் வளருமாம். உச்சியில் படுத்துக் கிடந்தபோது கழுகு உனக்குக் கீழே பறந்தது. இதைச் சொல்லும்போது எழுந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். காட்டிக்கொண்டே சிரித்தாய். வாய் திறந்து, பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

அப்பா உன்னைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "பாரும், பொடியன் சிரிக்கிறான்" என்றார். அவருக்குச் சந்தோஷம். எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. உனக்கு நான் எத்தனை விதமாகச் சமைத்துப் போட்டேன், எத்தனை கோயிலுக்கு நேர்ந்தேன், எத்தனை நாள் பக்கத்தில் இருந்து தலையைத் தடவினேன். அந்தச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஊரில், அவளுடைய தம்பியின் கயிற்றில் தொங்கினதும் வந்துவிட்டது. "கொன்சுவேலோ சமைச்ச கத்தரிக்காய் நல்லா இருந்தது அம்மா, தேன் விட்டுப் பொரிக்கிறா" என்று வேறு சொன்னாய். கத்தரிக்காய்க்குத் தேன்! அன்றைக்கு நான் வைத்த குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்றாய். கூடவில்லை.

அடுத்த வருஷம் வெயில் தொடங்குகிற நேரம் அப்பா போய்விட்டார். ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற மனிதர், நெஞ்சைப் பிடித்தபடி நின்றவர் நின்றபடியே. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. சாம்பலை நீ ஆற்றில் கரைத்தாய். ஆறு பச்சையாய் ஓடியது. கடலுக்குப் போய்ச் சேருமோ என்று நான் கேட்டேன். போகும் அம்மா, கன நாடு தாண்டிப் போகும் என்றாய். அவராவது எல்லை தாண்டட்டும் என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் கிட்ட வர கொன்சுவேலோ பெட்டி கட்டினாள். நீயும் கட்டினாய். அப்போதுதான் நான் சொன்னேன், தகப்பன் செத்த வருஷம் மகன் மலை ஏறக்கூடாது, வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிய வேண்டும் என்று. நான் அதைச் சோடித்துச் சொல்லவில்லை. என் சித்தப்பா தகப்பனைப் பறிகொடுத்த வருஷம் சிவனொளிபாதமலைக்குப் போகாமல் நின்றதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த விதியைக் காப்பாற்ற ஒருத்தரும் கஷ்டப்பட்டதில்லை என்பதும் உண்மை. எங்களுக்குத் தெரிந்த மலை கீரிமலை, அதுவும் கடற்கரை. இங்கே யன்னலைத் திறந்தால் மலை, குப்பை போடப் போனால் மலை.

"அம்மா, நான் ஒவ்வொரு நாளும் மலையிலதானே வேலை செய்யிறன்?"

"அது றெயினில போறது. றெயினில போனா ஏறுறது எண்டில்லை. காலால ஏறினாத்தான் குற்றம்."

"இது ஆர் சொன்ன சட்டம்?"

"நான் சொல்லுறன்."

"அப்ப ரொண்டாவுக்கு றெயின் விட்டா மலை ஏறலாமோ?"

"விசர்க்கதை கதையாதை. அப்பா படத்தில இருந்து பாக்கிறார்."

அப்பாவின் படத்தை நீ திரும்பிப் பார்த்தாய். அடுத்த நாள் காலை கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவளோடு போய்விட்டாய். கயிற்றை எடுத்துக்கொண்டு போகிறவன் எதற்குப் போகிறான்? நான் வேறென்ன நினைப்பேன்?

அந்த ஓகஸ்ட் முழுக்க நான் லாண்டரியில் ஒரு புதுப் பெண்ணோடு விரிப்பு மடித்தேன். அவள் முனையைச் சரியாகப் பிடிக்க மாட்டாள், எல்லாம் கோணல். சுவரில் அந்தப் பாலத்தின் படம். அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இந்த நேரம் கயிற்றில் தொங்குவான், இந்த நேரம் கழுகுக்கு மேலே படுத்திருப்பான், இந்த நேரம் குகையால் வந்து அவள் கையால் துவாய் வாங்கித் தலை துடைப்பான் என்று ஒவ்வொன்றாக ஓடும். நான் போகாத ஊர்தான், ஆனால் அந்த ஊரின் ஒவ்வொரு கல்லையும் எனக்குத் தெரியும். பொறாமை பிடித்தவளுக்கு வரைபடம் தேவையில்லை. என் மனிதர் இல்லாத வீட்டில் நான் ஒருத்தி, அவருக்காக விளக்கு வைத்துக்கொண்டு. மகன் அங்கே இன்னொருத்திக்கு மகனாக. பிள்ளை இல்லாதவளுக்குச் சும்மா கிடைத்த வளர்ந்த பிள்ளை. பெறவில்லை, வயிறு எரியவில்லை, பொலிஸ் வாசலில் நிற்கவில்லை. சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நீ வந்து போட்டோக்களைத் தந்தாய். பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தேன். "எப்பிடி அம்மா இருந்தனீங்கள்?" என்றாய். "இருந்தன்" என்றேன். நீ மலை ஏறினாயோ என்று நான் கேட்கவில்லை, ஏறவில்லை என்று நீயும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அப்பாவைப் போல. கேட்டால்தான் சொல்லுவது, சொன்னால்தான் கேட்பது.

கொன்சுவேலோவோடு கதைப்பதை நிறுத்தினேன். விரிப்பு மடிப்பதை நிறுத்த முடியாதே! குளிர்காலம் முழுக்க அவள் முனை, என் முனை, கிட்டப் போவது, தள்ளிப் போவது, முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் தோடம்பழம் உரித்துப் பாதியை என் பக்கம் வைப்பாள். அது அங்கேயே காயும். ஒருநாள் விரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன செய்தனான்? சொல்லு."

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு முகத்தை இப்பிடி வச்சிருப்பினமோ? செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு."

"விரிப்பை விடு, வேலை கிடக்கு."

"உன்ர மகனுக்குச் சோறு குடுத்தது பிழையோ?"

"ஓம்" என்றேன். அவள் விரிப்பை விட்டாள். அது தரையில் விழுந்தது, திரும்பத் தோய்க்க வேண்டியதாகிவிட்டது.

ஆட்டைத் திவசத்துக்கு நான் அவளைக் கூப்பிடவில்லை. நீ கூப்பிட்டிருக்கிறாய். திவசம் செய்விக்க ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்த அண்ணை தேவாரம் பாடி எல்லாம் முடித்து, படைத்து, சனம் சாப்பிட்டுப் போன பிறகு அவள் கறுப்புச் சட்டையும் கையில் ஒரு பூங்கொத்துமாக வந்து வாசலில் நின்றாள். செத்த வீட்டுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. அண்ணையை ஸ்டேஷனில் விட நீ போய்விட்டாய். நானும் அவளும் குசினியில். சோறு போட்டுக் கொடுத்தேன். கையால் சாப்பிட்டாள், நீ பழக்கியிருக்கிறாய், சோற்றைக் குழைக்கிற விதமே உன்னுடையது. அதற்கும் எரிந்தது.

"இண்டைக்கோட வருசம் முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

"அப்ப இனி உன்ர மகன் காலால ஏறலாம். என்ர தம்பி சந்தோசப்படுவான். போன வருசம் உன்ர மகனோட அவனுக்கு விசர் பிடிச்சுப் போச்சு."

எனக்கு விளங்கவில்லை. என்ன விசர் என்றேன். அவள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். நீ அந்தக் கோடை முழுக்க ஒரு மேட்டில் கூடக் கால் வைக்கவில்லையாம். பாறையின் அடியில் நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடித்தாயாம், தண்ணீர் கொடுத்தாயாம், முடிச்சுச் சரியோ என்று பார்த்து மேலே அனுப்பினாயாம். "மேல வா" என்றால் தலையை ஆட்டினாயாம். பாக்கோவின் ஆட்கள் உனக்கு உயரம் பயம் என்று கேலி செய்தார்களாம், கோழி என்று பட்டம் வைத்துக் கூவிக் காட்டினார்களாம். நீ சிரித்துக்கொண்டு நின்றாயாம்.

"உன்ர மகன் கழுதை" என்றாள். "ஆத்தடியில இருந்து பட்டணத்துக்குப் பாதை இருக்கு, சின்னப் பிள்ளையளும் ஏறுவினம். இவன் ஏற மாட்டான். தம்பியின்ர வான் வண்டி வரட்டும் எண்டு இருப்பான். றெயினில போகலாம், வானில போகலாம், காலால ஏலாது, அம்மா சொன்னவ எண்டான். வெயில் மண்டையைப் பிளக்குது, வானும் வருகுதில்லை, இவன் கல்லு மாதிரி இருக்கிறான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கதைச்சாத்தானே சொல்லுறதுக்கு?" என்றாள். பிறகு கோப்பையைப் பார்த்தபடி, "அவனைத் தனிய விட எனக்கு மனம் வரேல்லை. வீட்டில இருந்து ரெண்டு மடக்குக் கதிரை கொண்டு போய்ப் போட்டன். பாறைக்குக் கீழ நானும் அவனும். நான் பின்னிக்கொண்டு இருப்பன், அவன் மேல பாத்துக்கொண்டு இருப்பான். தகப்பனைப் பற்றிச் சொல்லுவான். குடையோட மலைக்குப் போன கதை சொன்னான். ரெண்டு பேரும் நல்லா அழுதனாங்கள்" என்றாள்.

அவள் போன பிறகு கவிழ்த்து வைத்த போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். பாறை, கயிறு, மேலே எறும்பு போலச் சனங்கள். ஒன்றில்கூட நீ மேலே இல்லை. எல்லாம் கீழே இருந்து எடுத்த படங்கள். ஒரு படத்தின் ஓரத்தில் மடக்குக் கதிரையின் கால் தெரிகிறது. கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று ஊர் சொல்லும், எனக்குத் தெரியும். மகன் சொல்லைக் காத்தான் என்று சந்தோஷப்பட வேண்டும், அவளிடம் போய்க் கையைப் பிடிக்க வேண்டும். கையைப் பிடித்தேன், விரிப்பு மடிக்கிறபோது, அவள் தோடம்பழத்தையும் தின்றேன். ஆனால் எரிச்சல் போகவில்லை ராசா, கூடிவிட்டது. நீ மலையில் சிரித்தபோது பொறுத்துக்கொண்டிருக்கலாம். இப்போது தெரிகிறது, நீ அழுததும் அவளோடுதான். அப்பா செத்த பிறகு இந்த வீட்டில் நீ என் முன்னால் அழவில்லை. நான் உடைந்துபோவேன் என்று அடக்கினாய். நானும் நீ உடைந்துபோவாய் என்று அடக்கினேன். உன்னை மலையிலிருந்து தடுக்க நான் சொன்ன சொல்லே உன்னைக் கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்தது. அந்தக் கதிரையில் இருந்து கேட்க வேண்டிய கதையெல்லாம் என்னுடையது. என் மனிதரின் குடைக் கதை, என் மகனின் வாயால், அவளுடைய காதுக்கு.

மற்றத் தாய்மாருக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிள்ளையிடம் கேளுங்கள். ஏறினாயோ, விழுந்தாயோ, அழுதாயோ, எதுவென்றாலும் கேளுங்கள். கேட்காமல் வைத்திருந்தால் வேறு யாரோ கேட்பார்கள், கேட்கிறவளிடம்தான் பிள்ளை சொல்லும்.

உனக்கும் சில சொல்ல வேண்டும். குகைக்குள் போகுமுன் மலைப்பக்கம் வானத்தைப் பார், மேலே மழை என்றால் கீழே ஆறு உள்ளே வந்துவிடும் என்று பாக்கோ சொன்னதாக நீதான் சொன்னாய். அவன் மறந்தாலும் நீ மறக்காதே. வெயிலுக்குத் தலையில் துணி கட்டு. உன்னைக் கோழி என்றவர்களிடம் வீறாப்புக் காட்ட வேண்டும் என்று முதல் நாளே பெரிய பாறையில் ஏறாதே. ஒரு வருஷம் ஏறாத கால், மெல்லப் பழகட்டும். நீ சமைக்கிறபோது அப்பா வைக்கிற மாதிரி ரசம் வை, உன் கையால் அவர்களுக்கும் ஒருநாள் கொடு, எப்போதும் நீ தின்கிறவனாக இருக்காதே. அவளுடைய கத்தரிக்காயை நல்லாயிருக்கு என்று சொல், அடிக்கடி சொல்லாதே. குளிர் தொடங்க முன்னம் வா. வருவேன் என்று சொன்னதை நான் நம்புகிறேன் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன், நம்பப் பழகுகிறேன். என் கேஸ் முடிந்து எனக்கும் ஒரு புத்தகம் வந்தால், நான் முதலில் போகப்போகிற ஊர் எது என்று உனக்குத் தெரியும். ஜெனீவாவுக்குப் போய்ப் பார்க்காதவள் ரொண்டாவைப் போய்ப் பார்ப்பேன்.

வருஷம் முடிந்துவிட்டது மகனே. இனித் தடையில்லை. காலால் ஏறு, கையால் பிடித்து ஏறு. கழுகுக்கு மேலே போய்ப் படு. அப்பா கீழே இருந்து பார்க்கிறதுதான் வடிவு என்றார், அவர் பார்த்துக்கொள்வார்.

அவளைக் கீழே கதிரை போட வேண்டாம் என்று சொல்லச் சொல்லி முதலில் எழுதினேன். அந்த இடம் வெறுமையாய்க் கிடக்கட்டும் என்றுதான் மனம் சொன்னது. பிறகு வெட்டிவிட்டேன். போடட்டும். நீ வழுக்கினால் கண்டு கத்துவதற்கு அங்கே ஒருத்தி வேண்டும். நான் இங்கிருந்து கத்தினால் கேட்காது. ஆனால் ஒன்று. உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கீழே பார்த்துக் கை ஆட்டுவார்கள். நீ அப்படி ஆட்டாதே. வடக்குப் பக்கம் எதுவென்று பாக்கோவைக் கேள். அந்தப் பக்கம் திரும்பி நின்று ஆட்டு.

எரிச்சல் இன்னும் அடங்காத,
உன்னைப் பெற்றவள்